"டீச்சர், இது எங்க இருந்து வருது?" – டெபியன் களஞ்சியத்தின் கதை

(கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.)

போன கிழமை பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாஸ்கல் பாடம். எங்கள் கணினிக் கூடத்தில் இருப்பவை எல்லாம் பழைய கொம்பியூட்டர்கள். விண்டோஸின் புதிய பதிப்பைச் சுமக்கும் சக்தி அவற்றுக்கு இல்லை. அதனால் எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ்தான் போட்டிருக்கிறோம். ஒன்றில் மட்டும் பாஸ்கல் இல்லை. கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டினேன். எழுத்துகள் சரசரவென்று ஓடின, இரண்டு நிமிடத்தில் எல்லாம் தயார்.

பின்னால் நின்ற பிள்ளை கேட்டாள்: "டீச்சர், கூகுள்ள தேடவும் இல்ல, டவுன்லோட் அமத்தவும் இல்ல. இது எங்க இருந்து வருது?"

"களஞ்சியத்துல இருந்து மகள்."

"அத யாரு அடுக்கி வெச்சிருக்கிறது?"

மணி அடித்துவிட்டது. நானும் தப்பித்தேன். ஆனால் கேள்வி என்னோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு மேலாக டெபியனைப் பாவிக்கிறேன். அதைப் பற்றி வாசித்ததை எல்லாம் சேர்த்து, வகுப்பில் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டது கேர்னல் எனப்படும் கருவை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட எழுத முடியாது. எடிட்டர் ஒரு இடத்தில், கம்பைலர் இன்னொரு இடத்தில், அச்சிடும் மென்பொருள் வேறொருவர் கையில் என்று எல்லாம் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. யாராவது அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்த வைத்து, ஒரே கட்டாகத் தர வேண்டும். அப்படித் திரட்டிய கட்டுகளில் அன்று பெயர் பெற்றது எஸ்எல்எஸ். அதைப் பாவித்தவர்கள் பிழைகளோடு மல்லுக்கட்டினார்கள். கட்டியவர்கள் ஒரு சிலர்தான், அவர்களுக்குப் பராமரிக்க நேரமில்லை.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயன் மர்டொக்கும் அந்தத் தலையிடியை அனுபவித்தவர். வயது இருபது. 1993 ஓகஸ்ட் 16ஆம் திகதி, தானே புதிதாக ஒன்றைத் தொடங்கப்போவதாக இணையத்தில் அறிவித்தார். தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று அதற்குப் பெயர் வைத்தார். (பின்னர் இருவரும் மணம் முடித்தார்கள், பிறகு பிரிந்தும் விட்டார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.)

என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய யோசனை தொழில்நுட்பம் சார்ந்ததே அல்ல. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒருவரைப் பொறுப்பாக வைப்பதுதான் அது. எடிட்டருக்கு ஒருவர், கம்பைலருக்கு ஒருவர், விளையாட்டுக்கு இன்னொருவர். எவருக்கும் சம்பளம் இல்லை, ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததும் இல்லை.

இப்படி நூறு பேர் நூறு விதமாகச் செய்தால் எப்படிப் பொருந்தும்? அதற்குத்தான் பொதி. மென்பொருளின் கோப்புகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி, மேலே ஒரு படிவத்தையும் வைத்து மூடிவிடுவார்கள். பாடசாலை மாறும் பிள்ளையின் விடுகைப் பத்திரம் மாதிரித்தான். பொதியின் பெயர், பதிப்பு இலக்கம், இது இயங்க வேறு எந்தெந்தப் பொதிகள் வேண்டும், இது என்ன செய்யும் என்ற சிறு விளக்கம், இவற்றோடு பொறுப்பாளரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும். இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள், பிறகு அதற்கு வருகிறேன். பொதிகளைப் பிரித்துப் பொருத்தும் டிபிகேஜி என்ற கருவியின் முதல் வடிவங்களில் மர்டொக்கும் வேறு சிலரும் கைவைத்தார்கள். 1994இல் அதைச் சி மொழியில் திரும்ப எழுதியவர் இன்னொரு இயன், இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் ஜாக்சன்.

"வேறு எந்தெந்தப் பொதிகள் வேண்டும்" என்ற வரியை வகுப்பில் விளக்க வட்டிலப்பத்தைத்தான் எடுப்பேன். வட்டிலப்பத்துக்கு முட்டை, கருப்பட்டி, தேங்காய்ப்பால் வேண்டும். தேங்காய்ப்பாலுக்குத் தேங்காய் வேண்டும், துருவலை வேண்டும். டிபிகேஜி கண்டிப்பான ஆள். முட்டை இல்லையென்றால் "முட்டை இல்லை" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும், கடைக்குப் போவது உங்கள் வேலை. தானே கடைக்குப் போய், எதற்கு எது தேவை என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொண்டுவந்து வைக்கும் ஆப்ட் என்ற கருவி 1999 மார்ச்சில் வெளிவந்த 2.1 பதிப்போடுதான் கைக்கு வந்தது. நான் வகுப்பில் தட்டிய ஒரு வரி ஆப்ட்டுக்குக் கொடுத்த கட்டளைதான்.

கடைக்குப் போவதென்றால் கடை ஒழுங்காக இருக்க வேண்டுமே. என் மாணவி கேட்ட "அடுக்கி வைத்தல்" இங்கேதான் வருகிறது. அந்த அடுக்குக்குப் பின்னால் நிறையத் தவறுகளும் இருக்கின்றன.

ஆரம்பத்தில் அடுத்த பதிப்புக்கான வேலைகள் நடக்கும் அடைவுக்கு வரப்போகும் பதிப்பின் இலக்கத்தையே பெயராக வைத்தார்கள். 1995 கடைசியில் 1.0 பதிப்புக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. அரைகுறையாகக் கிடந்த அந்த அடைவை முடிந்த வேலை என்று நினைத்து ஒரு சீடி நிறுவனம் அப்படியே இறுவட்டில் அடித்து "டெபியன் 1.0" என்று விற்பனைக்கு விட்டுவிட்டது. அந்தச் சீடியை வாங்கியவர்களுக்கு ஒழுங்காக இயங்காத ஒன்றுதான் கிடைத்தது. கடைசியில் டெபியனும் அந்த நிறுவனமும் சேர்ந்து டிசெம்பரில் விளக்க அறிக்கை விட வேண்டியதாயிற்று. குழப்பம் தொடரக்கூடாது என்று 1.0 என்ற இலக்கத்தையே கைவிட்டார்கள். 1996 ஜூனில் வந்தது 1.1. அதில் இருந்தவை 474 பொதிகள்.

அதற்குப் பிறகு அடைவுகளுக்கு இலக்கம் வைப்பதை விட்டுப் புனைபெயர் வைக்கத் தொடங்கினார்கள். அப்போது திட்டத்தின் தலைவராக இருந்த புரூஸ் பெரன்ஸ் பிக்ஸார் நிறுவனத்தில் வேலை செய்தவர். 'டொய் ஸ்டோரி' படம் வந்த புதிது. எனவே பஸ், ரெக்ஸ், போ என்று பொம்மைகளின் பெயர்களே பதிப்புகளின் பெயர்களாயின. இன்றும் அதே வழக்கம்தான். எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும், எந்த நேரமும் உடையக்கூடிய வேலைக்களத்துக்கு மட்டும் நிரந்தரமாக சித் என்று பெயர். படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், பொம்மைகளை உடைத்து விளையாடும் பக்கத்து வீட்டுப் பையன் அவன்.

புனைபெயரால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. டெபியனின் களஞ்சியம் ஒரே இடத்தில் இல்லை. உலகமெங்கும் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தங்கள் சேர்வர்களில் அதன் பிரதியை வைத்து, அடிக்கடி மூலத்தோடு ஒப்பிட்டுப் புதுப்பித்துக்கொள்கின்றன. அடைவின் பெயரை மாற்றினால் பிரதி வைத்திருப்பவர்களின் கணினிக்கு அது பெயர் மாற்றம் என்று விளங்காது. பழையதை எல்லாம் அழித்துவிட்டு அதே கோப்புகளை முதலிலிருந்து இறக்கத் தொடங்கும். தொண்ணூறுகளின் இணைய வேகத்தில் அது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். புனைபெயர் ஒருநாளும் மாறாது. 'இப்போது நிலையான பதிப்பு இதுதான்' என்று காட்டும் சுட்டியை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனாலும் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. ஒவ்வொரு பதிப்பின் அடைவுக்குள்ளும் அந்தந்தப் பதிப்பின் பொதிகள் கிடந்தன. ஒரு பொதி ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது கோப்பும் இடம் மாறியது, பிரதிகள் மறுபடியும் இறக்கின. 2000 டிசெம்பரில் இதற்கு முடிவு கட்டினார்கள். எல்லாப் பொதிகளையும் 'பூல்' என்ற ஒரே பெரிய அடைவுக்குள் போட்டுவிட்டார்கள். பொதி தன் இடத்தை விட்டு அசையாது. பதிப்பு என்பது ஒரு பட்டியல் மட்டும்: "எனக்கு இந்தப் பொதியின் இன்ன இலக்கம், அந்தப் பொதியின் இன்ன இலக்கம்." நூலகத்தில் புத்தகங்களை ஒவ்வொரு வகுப்புக்குமாக அலுமாரி மாற்றி மாற்றி வைக்காமல், புத்தகம் இருந்த இடத்திலேயே இருக்க, வகுப்புக்கொரு வாசிப்புப் பட்டியல் கொடுப்பது போல. அதைக் கண்டுபிடிக்க ஏழு வருடம் எடுத்ததா என்று கேட்கலாம். எங்கள் பாடசாலை நூலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பூலுக்குள் எப்படி அடுக்குவது? முதல் எழுத்தின்படி. இங்கே எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வகுப்பு இடாப்பை ஆங்கில அகர வரிசையில் எழுதினால் என்ன நடக்கும் என்று எங்களவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்பிள்ளைகளில் பாதி முஹம்மது, எம்மில் குவிந்துவிடுவார்கள். பெண்பிள்ளைகளில் பாதி பாத்திமா, எஃப்பில் குவிந்துவிடுவார்கள். மற்ற எழுத்துகள் காற்று வாங்கும். டெபியனுக்கும் இதே சோதனை வந்தது. மற்ற மென்பொருள்கள் பொதுவாகப் பாவிக்கும் நூலகப் பொதிகளின் பெயர்கள் ஏராளமாக 'லிப்' என்று தொடங்குகின்றன. எல் எழுத்து வீங்கிவிடும். ஆகவே 'லிப்' என்று தொடங்குபவற்றை மட்டும் அதற்கு அடுத்த எழுத்தையும் சேர்த்துத் தனித்தனி அடைவுகளாகப் பிரித்தார்கள். நாங்கள் பாத்திமா ரிஸ்னா, பாத்திமா சஜா என்று இரண்டாவது பெயரால் கூப்பிடுவது போலத்தான்.

இவை எல்லாம் இட ஒழுங்கு. மனச்சாட்சி சம்பந்தமான ஒழுங்கு வேறு. 1997 ஜூலையில் டெபியன் ஒரு சமூக ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. களஞ்சியம் மூன்றாகப் பிரிந்தது. யாரும் பாவிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டவை மட்டுமே மெயின் என்ற பிரதான பகுதிக்குள் வரலாம். அந்த நிபந்தனைகளுக்கு அடங்காதவை நான்-ஃப்ரீ பகுதிக்கு. தான் சுதந்திரமானதாக இருந்தாலும், இயங்குவதற்குச் சுதந்திரமில்லாத ஒன்றைச் சார்ந்திருப்பவை கொன்ட்ரிப் பகுதிக்கு. மெயின் மட்டும்தான் டெபியன், மற்ற இரண்டும் வசதிக்காகப் பக்கத்தில் வைத்திருப்பவை என்பது அவர்களின் நிலைப்பாடு. புதிதாக வரும் ஒவ்வொரு பொதியின் உரிமப் பத்திரத்தையும் களஞ்சியக் காவலர்கள் வாசித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள்.

நான்காவதாக ஒரு விசித்திரமான களஞ்சியமும் கொஞ்சக் காலம் இருந்தது. அமெரிக்கச் சட்டம் அன்று பலமான மறைகுறியாக்க மென்பொருளை ஆயுத ஏற்றுமதியோடு சேர்த்துப் பார்த்தது. உள்ளே கொண்டுவரலாம், வெளியே அனுப்பத்தான் தடை. ஆகவே அப்படிப்பட்ட பொதிகளை அமெரிக்காவுக்கு வெளியே ஒரு சேர்வரில் தனியாக வைத்து, 'நான்-யுஎஸ்' என்று பெயரிட்டார்கள். 2000இல் சட்டம் தளர்ந்தது, 2002 முதல் அவை மெயினுக்குள் வந்தன. 2005இல் வந்த 3.1 பதிப்பில் அந்தப் பகுதியே இல்லை.

நான்-ஃப்ரீ பிரிவினை மட்டும் தீரவே இல்லை. ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் என்னுடைய பழைய லெப்டொப்பில் முதன்முதலாக டெபியன் போட்டேன். வைஃபை வேலை செய்யவில்லை. வைஃபை சில்லுக்குள் ஓடும் ஃபெர்ம்வெயர் சுதந்திர மென்பொருள் அல்ல, அதனால் அதிகாரபூர்வ நிறுவியில் அது இல்லை. அதை இறக்குவதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும்! கடைசியில் விடுதித் தோழியின் கொம்பியூட்டரில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தேன். அன்று அவர்கள் மீது சரியான கோபம். கொள்கை இருக்க வேண்டியதுதான், அதற்காகப் புதிதாக வருபவரை வாசலிலேயே நிறுத்துவதா? 2022இல் அவர்களே வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஃபெர்ம்வெயருக்கு மட்டும் தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கி, நிறுவியோடு சேர்த்துக் கொடுக்க முடிவானது. அதற்காகச் சமூக ஒப்பந்தத்திலும் வசனம் சேர்த்தார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அந்தச் சிரமம் இல்லை. எங்கள் கணினிக் கூடத்தில் போட்டது அந்தப் பதிப்பைத்தான்.

இப்போது பொறுப்பாளர் வரிக்கு வருகிறேன்.

2000 ஓகஸ்ட்டில் வந்த 2.2 பதிப்பை டெபியன்காரர்கள் ஜோயல் கிளெக்கர் என்பவருக்கு அர்ப்பணித்தார்கள். பதிப்பு வருவதற்கு ஒரு மாதம் முன், ஜூலை 11ஆம் திகதி அவர் மரணித்திருந்தார். வயது 21. டுஷேன் எனப்படும் தசைநலிவு நோய். இணையத்தில் 'எஸ்பி' என்ற பெயரில்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படியொரு நோயோடு போராடும் இளைஞர் இருக்கிறார் என்பது கூட வேலை செய்த பெரும்பாலானோருக்குத் தெரியாது. அவர் பார்த்துக்கொண்ட பொதிகளில் ஒன்று ஜிலிப்சி. கிட்டத்தட்ட எல்லா மென்பொருளும் சார்ந்திருக்கும் அடித்தளப் பொதி அது. ஆயிரக்கணக்கான பொதிகளின் "வேறு எது வேண்டும்" வரியைப் பிடித்துக்கொண்டே கீழே கீழே இறங்கிப் போனால், அடியில் அந்தப் பிள்ளையின் பெயர் இருந்தது. இருபத்தொரு வயதென்றால் என்னிடம் சாதாரண தரம் படித்துவிட்டுப் போனவர்களின் வயது. இதை வாசித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பொறுப்பாளர் போய்விட்டால் அல்லது களைத்துவிட்டால் அந்தப் பொதிக்கு 'அநாதை' என்றே பெயர். அநாதைகளின் பட்டியல் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கிறது. "இதை நான் எடுக்கிறேன்" என்று யாரும் எழுதலாம். யாரும் எடுக்காதவரை தரக்கட்டுப்பாட்டுக் குழுவின் பெயர் அந்த வரியில் நிற்கும். இது டெபியனின் வீட்டுக்குள் நடப்பது. ஆனால் மென்பொருளை முதலில் எழுதுகிற, டெபியனுக்கு வெளியே இருக்கிற ஆள் களைத்துவிட்டால்?

2024இல் அது நடந்தது. எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருள். லாஸே கொலின் என்ற ஒருவர் பல வருடமாகக் கிட்டத்தட்டத் தனியாகவே அதைப் பராமரித்து வந்தார். 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பொறுமையாக இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல வேலை செய்து நம்பிக்கையைப் பெற்று, பதிப்பு வெளியிடும் உரிமையையும் பெற்றார். 2024 பெப்ரவரி கடைசியில் வெளிவந்த 5.6.0 பதிப்பிலும், மார்ச்சில் வந்த 5.6.1 பதிப்பிலும் ஒரு கள்ளக் கதவு ஒளிந்திருந்தது. உலகத்து சேர்வர்களுக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வாசலுக்கான திருட்டுச் சாவி.

அது சித்துக்குள் வந்தது, அங்கிருந்து டெஸ்டிங் பகுதிக்கும் போனது. இந்தப் பகுதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய பொதி முதலில் சித்துக்குத்தான் வரும். அவசரத்தைப் பொறுத்து இரண்டு, ஐந்து அல்லது பத்து நாள் அங்கே இருக்க வேண்டும். பெரிய பிழை எதுவும் வராவிட்டால், வேறு பொதிகளையும் உடைக்காவிட்டால், ஒரு நிரல் அதைத் தானாகவே டெஸ்டிங்குக்கு மாற்றும். பூல் வந்த அதே 2000 டிசெம்பரில் வந்த ஏற்பாடு இது. கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்கு ஒரு முறை டெஸ்டிங்கை உறைய வைத்து, பிழைகளைத் திருத்தி, ஸ்டேபிள் என்று வெளியிடுவார்கள். சேர்வர்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் பாவிப்பது அதைத்தான்.

இந்த அடுக்கு முறை எக்ஸ்-இசட் திருட்டைக் கண்டுபிடித்தது என்று சிலர் பெருமையாக எழுதினார்கள். அது சரியல்ல. காத்திருக்க வைத்த நாட்களில் எவரும் எதையும் காணவில்லை, பொதி டெஸ்டிங்கையும் தாண்டத் தயாராகத்தான் இருந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியியலாளர். சித் ஓடும் தன் கொம்பியூட்டரில் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தை விட அரை வினாடி தாமதமாவதைக் கண்டார். நாமென்றால் இணையம் ஸ்லோ என்று விட்டிருப்போம். அவர் விடாமல் தோண்டி, மார்ச் 29ஆம் திகதி உலகத்துக்குச் சொன்னார். அன்று ஸ்டேபிளில் இருந்தது பழைய 5.4.1 பதிப்பு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. களஞ்சியத்தின் அடுக்குகள் திருடனைப் பிடிக்கவில்லை, ஒரு மனிதன் கவனிக்கும்வரை அவனைத் தாழ்வாரத்தில் காக்க வைத்தன. அதுவே பெரிய விசயம்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அடுத்து ஒரு சின்ன வேடிக்கை. கெட்ட பதிப்பை எடுத்துவிட்டுப் பழையதைத் திரும்ப வைக்க வேண்டும். ஆனால் ஆப்ட் எப்போதும் பெரிய இலக்கத்தைத்தான் புதியது என்று நினைக்கும், இலக்கம் பின்னால் போகக்கூடாது. ஆகவே பழைய பொதிக்கு இப்படிப் பெயர் வைத்தார்கள்: "5.6.1+றியலி5.4.5". அதாவது, பார்வைக்கு 5.6.1, உண்மையில் 5.4.5. பிழைவிட்டதை அழிறேசரால் அழிக்காமல், மேலே கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதச் சொல்வோமே, அதே மாதிரி பகிரங்கமாக.

இயன் மர்டொக் 2015 டிசெம்பர் 28இல் மரணித்தார், 42 வயது. 474 பொதிகளோடு வெளியே வந்த அந்தக் களஞ்சியத்தில், 2025 ஓகஸ்ட்டில் வெளியான 13ஆம் பதிப்பின்போது 69,830க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அந்தப் படிவம் இருக்கிறது, பொறுப்பாளர் வரியும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை மறுபடியும் அதே வகுப்பு. அந்தப் பிள்ளையை முன்னுக்கு அழைத்து, பாஸ்கல் பொதியின் படிவத்தைத் திரையில் திறக்கும் கட்டளையை அவளையே தட்டச் சொல்லப் போகிறேன். அந்த வரியில் இருப்பதை அவளே எல்லோருக்கும் கேட்க வாசிக்கட்டும்.